ரவுட்டருக்கு எதைப் போடுறது?

கேள்வி: சார், என் பழைய ரவுட்டருக்கு அப்டேட்டே வர்றதில்ல. கம்பெனி சாஃப்ட்வேரை எடுத்துட்டு அதுக்குப் பதிலா ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) போடவா, டிடிடபிள்யூஆர்டி (DD-WRT) போடவா?

பதில்: முதல்ல ரவுட்டரைக் கவுத்துப் போட்டு ஸ்டிக்கரைப் பாருங்க, மாடல் பேர் மட்டும் பத்தாது, பக்கத்துல வி2, வி5ன்னு வெர்ஷன் நம்பர் பொடி எழுத்துல இருக்கும் பாருங்க, அதுதான் ஜாதகமே, பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள சிப் மாறியிருக்கும். 4 எம்பி ஃப்ளாஷ் (சாஃப்ட்வேர் உட்கார்ற இடம்), 32 எம்பி ரேம்னா விட்டுடுங்க, இப்ப வர்ற ஓப்பன்டபிள்யூஆர்டி அதுல தாங்காது. 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ரேம் இருந்தா தாராளமா போடலாம், என் ஓட்டு ஓப்பன்டபிள்யூஆர்டிக்குத்தான். வைஃபை சிப் பிராட்காம் கம்பெனியோடதுன்னா மட்டும் டிடிடபிள்யூஆர்டி பக்கம் போங்க. லேன் கேபிள் மாட்டித்தான் ஏத்தணும், நடுவுல கரண்ட் போச்சுன்னா தலைவலி (பட்டவன் சொல்றேன்). ஓப்பன்டபிள்யூஆர்டி ஏத்தினதும் வைஃபை காணோமேன்னு பதறாதீங்க, பெரும்பாலும் ஆஃப்லதான் வரும், பிரவுசர்ல 192.168.1.1 போய் ஆன் பண்ணுங்க.