மடிநோய்க்குக் கற்றாழையா, ஊசியா?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்கு ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. கற்றாழை பூசினால் போதும் என்கிறார் மாமனார்; ஊசி போடாமல் தீராது என்கிறார் மகன். என்ன செய்வது?
– வாசகி, திருவட்டாறு

பதில்: அறிகுறிகள் மடிநோயையே காட்டுகின்றன. மாமனார் சொல்வது வெறும் நம்பிக்கையன்று. 250 கிராம் சோற்றுக்கற்றாழையை முள் நீக்கித் தோலுடன் நறுக்கி, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்து அரைத்தால் விழுது செங்கல் நிறத்துக்கு மாறும். பாலை முழுவதும் கறந்து மடியைக் கழுவிய பின், ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள்கள் பூசுவது முறை. இரண்டு வேளையோடு நிறுத்திவிட்டு மருந்தைக் குறை கூறுவது நியாயமில்லை.

ஆனால் பசுவுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் இரத்தம் கலந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தாமதித்தால் அந்தக் காம்பே பயனற்றுப் போகலாம். ஊசி போட்டால், மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் இரு பருவமழையிலும் தொழுவம் ஈரமாகவே கிடக்கும் என்பதால், கறந்தவுடன் பசுவைப் படுக்க விடாமல் அரைமணி நேரமாவது தீனி போட்டு நிற்க வையுங்கள். அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும்; ஈரத் தரையிலிருந்து கிருமி உள்ளே புகாது.