விடுமுறை முடிந்து வந்தபின் குரோஷே ஊசியைத் தொட மனம் வரவில்லை என்றால்

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலையில், விடுமுறைக்கு முன் தொடங்கிய சால்வை பாதியில் நிற்கிறது, தொடர மனமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சால்வையை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஒரே அமர்வில் முடிகிற சின்னதாக ஏதாவது பின்னுங்கள், ஒரு பூ போதும். புது யோசனை வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

இரண்டு வாரம் ஊரைச் சுற்றிவிட்டு வந்ததும் கற்பனை வற்றிவிட்டது என்கிறீர்கள். எனக்கென்னவோ விட்ட இடம் மறந்துபோனதுதான் காரணம் என்று படுகிறது. எந்த வரிசை, எத்தனை கண்ணி (பின்னலின் ஒவ்வொரு முடிச்சு வளையம்) என்று தேடும் சலிப்பே ஆர்வமின்மை போலத் தெரியும். நானும் இப்படி ஒரு தொப்பியை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறேன்!

சால்வைக்குத் திரும்பும்முன் ஒன்று செய்து பாருங்கள். அதே நூல், அதே ஊசி, அதே பின்னலில் 10 செ.மீ.க்குச் சற்றுப் பெரிய சதுரம் ஒன்று போட்டு, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். சால்வையில் இருப்பதைவிடக் கூடுதலாக வந்தால் கை இறுகியிருக்கிறது, அரை மி.மீ. பெரிய ஊசிக்கு மாறுங்கள். குறைவாக வந்தால் சிறியதற்கு. அப்புறம், விட்ட வரிசையில் அடையாளத்துக்கு ஓர் ஊக்கு (சேஃப்டி பின்) குத்தி வையுங்கள்.

கோபத்தில் பழையதைப் பிரித்துவிட வேண்டாம். ஆனால் பின்னலில் மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம் எதிலுமே நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரிடம் பேசுங்கள், அது வேறு விஷயம்.