வசனம் புரியாமலே தமிழ் சீரியல் பார்த்து அழுவது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்த உங்கள் ஆயா (பாட்டி), பாதி வசனம் புரியாமலே சீரியல் பார்த்து அழுகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்த பல வீடுகளில் பேச்சுத் தமிழ் தேய்ந்துவிட்டது. ஆனால் ‘ஐயோ’, ‘அம்மா’, ‘சாமி’ தேயவில்லை. சீரியலில் துக்கம் வெடிக்கும் இடத்தில் வருவதும் பெரும்பாலும் அந்தச் சொற்கள்தான். மீதியை முகமும் இசையும் சொல்லிவிடும். என் அம்மா திரையின் கீழே வரும் ஆங்கில வரிகளைப் படிக்கவே மாட்டார். நடிகையின் கண்ணைத்தான் பார்ப்பார்.

அப்புறம் வீடு. இங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பே 1976-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தமிழ்ப் படம் பார்க்கத் தியேட்டருக்குப் போக வேண்டும், நாலு பேர் நடுவே அழுகையை அடக்க வேண்டும். சொந்த சோபாவில் அந்தக் கூச்சம் இல்லை. ஆயா அழும்போது பக்கத்தில் உட்காருங்கள். யாரை நினைத்து அழுதார் என்று பிறகு கேளுங்கள்.