ஆடுகிற துப்பாக்கிக் கட்டை: கண்மையும் சைக்கிள் டியூப்பும்

மழை விட்டுத் தை பிறந்ததும் எனக்குத் துப்பாக்கிக் கட்டை பற்றிய கேள்விகள்தான் வரிசையாக வரும். மூன்று மாதம் ஈரம் குடித்த மரம் காயத் தொடங்கும்போது அதுவரை மறைந்திருந்த குறையெல்லாம் வெளியே தெரியும். கீழே இருப்பவை பெரும்பாலும் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி பற்றியவை. கட்டை என்றால் கையிலும் தோளிலும் தாங்குகிற மரப்பகுதி, இரும்பு என்றால் அதில் உட்காருகிற குழாயும் விசையும் சேர்ந்த பகுதி. லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி அதைப் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும், அதனால் தெரிந்த தச்சர்தானே என்று அவர் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொட வேண்டும்.

புது ஏர் ரைஃபிள் ஐயா. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பக்கம் நகம் நுழைகிறது, மறுபக்கம் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் இருபது குண்டு சுட்டால் மறுபடி லூஸ். என்ன செய்வது? (நெல்லிக்குப்பம்)

முதலில் முறுக்குவதை நிறுத்துங்கள். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உள்ளே பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இப்படி இரண்டு பக்கமும் ஆட்டம் வாங்குகிற ஸ்க்ரூவுக்குக் கீழே வெறும் மரம் மட்டும் இருந்தால் அது நசுங்கிக்கொண்டேதான் போகும், நீங்கள் முறுக்க முறுக்க இன்னும் நசுங்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கும்போது இரும்பும் மரமும் சேருகிற விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரே ஒரு ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கு அடியில் இரும்பு எழும்புவது தெரிந்தால் அது கட்டையில் உட்காரவில்லை, வளைத்துப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு வீட்டில் இருக்கும் கண்மை போதும். இரும்பின் அடிப்பகுதியில் மெல்லிசாகத் தடவி, நேராக இறக்கி, நேராகவே தூக்குங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் கூரான உளியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள், தூள் மாதிரி வந்தால் போதும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள், அது மேட்டோடு பள்ளத்தையும் தேய்த்து விளிம்பை உருட்டிவிடும். தடவு, இறக்கு, தூக்கு, சுரண்டு என்று முப்பது தடவைகூட ஆகலாம். நான் ஒரு கட்டைக்கு அரை நாள் இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன், அந்த அரை நாளை வீண் என்று நினைத்ததே இல்லை.

இரும்பு தன் கனத்திலேயே ஆடாமல் உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருந்தால், அப்போது எபாக்ஸி, இரண்டு டியூப்பைக் கலந்து போடுகிற பசை. ஐந்து நிமிடத்தில் பிடிக்கிற வகை வேண்டாம், மெதுவாக இறுகுகிற அரால்டைட் வாங்குங்கள். இரும்பில் படுகிற இடமெல்லாம் ஷூ பாலிஷை இரண்டு தடவை பூசித் துடைத்து, ஓட்டைகளையும் பள்ளங்களையும் பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். இதை மறந்தால் இரும்பும் கட்டையும் ஒன்றாகவே ஒட்டிப்போகும், உடைத்துத்தான் பிரிக்க முடியும். ஸ்க்ரூவை விரலால் மட்டும் திருகி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அப்புறம் ஸ்க்ரூ போகிற ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, சரியான உயரத்துக்கு வெட்டிய பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே ஒட்டிவிட்டால் ஸ்க்ரூ மரத்தை நசுக்காது, உலோகத்தை உலோகம் தாங்கும். அதற்குப் பிறகும் லூஸ் ஆனால் எழுதுங்கள்.

கைப்பிடிக் கழுத்தில் விரிசல். பெவிகால் வைத்து இரண்டு முறை ஒட்டியும் விட்டுப்போனது. (கடலூர் முதுநகர்)

பழைய துப்பாக்கி என்றால் அந்த இடத்தில் வருடக்கணக்காக மெஷின் ஆயில் இறங்கி ஊறியிருக்கும், எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. இரும்பைத் தனியாக எடுத்துவிட்டு வெறும் கட்டையை நல்ல வெயிலில் வையுங்கள். எண்ணெய் வியர்வை மாதிரி மேலே வரும், துடைத்துத் துடைத்து விடுங்கள். அப்புறம் பெயிண்ட் கடையில் கிடைக்கும் வைட்டிங் பவுடர் என்கிற வெள்ளைப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். பொடி மஞ்சளாக வரும். வெள்ளையாகவே வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதை வெளியில் காற்றோட்டத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்யுங்கள்.

இப்போது பழைய பெவிகாலை முழுசாகச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலை லேசாக விரித்துப் பிடித்து, கொஞ்சம் சூடு காட்டிய எபாக்ஸியை ஊற்றுங்கள், சூட்டில் இளகி உள்ளே ஓடும். கழுத்து உருண்டையாக இருப்பதால் கிளாம்ப் நழுவும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். பிதுங்கி வருவதை உடனே துடைத்துவிடுங்கள். விரிசல் குறுக்கே போயிருந்தால் ஒட்டு மட்டும் போதாது, உள்ளே பித்தளைக் கம்பி இறக்க வேண்டும்.

கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா அண்ணா? (முதலியார்பேட்டை)

வேண்டாம். அது காயவே காயாது, தூசியைப் பிடிக்கும், சிக்கு வாடை வரும். வேப்பெண்ணெய்க்கும் இதே பதில்தான்.

ஐப்பசியில் ஆளி விதை எண்ணெய் பூசினேன். இன்னும் பிசுபிசுக்கிறது, ஓரத்தில் பூஞ்சை வேறு. (தேவனாம்பட்டினம்)

கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை ஆரம்பித்ததுதான் தப்பு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று நிலையாக நின்றால் மரத்துக்குள் ஈரம் சுமார் 16 சதவீதத்துக்கு ஏறும், 50 சதவீதம் என்றால் 9-ஐ ஒட்டி நிற்கும். அவ்வளவு ஈரத்தோடு இருக்கிற மரத்தின்மேல் பூசியிருக்கிறீர்கள். ஆளி எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கொண்டு அடியில் ஈரமாகவே இருக்கும். காய்ச்சாத பச்சை எண்ணெய் என்றால் இன்னும் மோசம், கடையில் 'டபுள் பாயில்டு' என்று கேட்டு வாங்க வேண்டும்.

டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுபிசுப்பை முழுக்க எடுத்துவிட்டு, மாசி வெயில் வரும் வரை சும்மா வைத்திருங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நிமிர்கிற நாரை 320 நம்பர் காகிதத்தால் தேயுங்கள். எண்ணெயைச் சில சொட்டு மட்டும் உள்ளங்கையில் விட்டுக் கை சுடும் வரை தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு பூச்சு, ஐந்தாறு பூச்சு போதும். வெளிப்பக்கத்தோடு நிறுத்தாமல் இரும்பு உட்காருகிற உட்குழிவிலும், தோளில் படுகிற முனையில் இருக்கிற அடிக்கட்டைத் தகட்டுக்குப் பின்னாலும் பூசுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், சும்மா பயமுறுத்தவில்லை. தண்ணீரில் நனைத்துப் பிரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். கட்டை அவளுக்கு நீளம், அறுக்கலாமா? (லாஸ்பேட்டை)

வளர்கிற பிள்ளை, அறுக்க அவசரப்படாதீர்கள். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்தால் அடிக்கட்டையிலிருந்து விசை வரை எவ்வளவு நீளம் வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். முதலில் பயிற்சியாளரிடம் நீளம் கூட்டிக் குறைக்கிற கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் கோட்டின்மேல் டேப் ஒட்டி, நுண்பல் ரம்பத்தால் அறுத்து, வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இரண்டு வருடத்தில் அதே துண்டை ஒட்டிக் கொடுக்கலாம், மர ரேகையும் ஒத்துப்போகும்.

புதுசாகக் கட்டை செதுக்க நம் ஊரில் எந்த மரம்? வால்நட் கிடைக்கவில்லை. (பண்ருட்டி)

பூவரசு. நார் பின்னிக்கொண்டு இருப்பதால் லேசில் பிளக்காது, கையிலும் வழவழப்பாக நிற்கும். தேக்கும் நல்லதுதான், ஆனால் அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்க வேண்டும். உங்கள் ஊரில் இருந்துகொண்டு பலாவை விடுவானேன்? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது உங்கள் பக்கம் சாய்ந்த பலாவில் ஒரு பலகை என்னிடம் வந்தது. ஓரங்களில் மெழுகு பூசிப் பரணில் போட்டு, நான்கு வருடம் கழித்துத்தான் உளி வைத்தேன். அறுத்த அன்று எலுமிச்சை மஞ்சள், இப்போது தேன் நிறம். எந்த மரமானாலும் கழுத்துப் பகுதியில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், அங்கே குறுக்கே ஓடினால் அந்தப் பலகையை விட்டுவிட்டு அடுத்ததைப் புரட்டுங்கள்.