உறையில் வைக்க அவசரமே வேண்டாம்: பிஸ்டல் போட்டிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரா (உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவது) வேகத்தைப் பற்றியவை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிவிட்டேன். ஐடிபிஏ (தற்காப்புப் பாணி பிஸ்டல் போட்டிகளை நடத்தும் அமைப்பு) பாணிப் போட்டிகளை மனதில் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன். உங்கள் ரேஞ்சின் விதியும் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டமும் என் வார்த்தைக்கு மேலானவை.

மேலாடைக்கு அடியிலிருந்து எடுத்து முதல் ரவுண்டு சுட 1.9 விநாடி ஆகிறது. 1.2க்குக் கொண்டுவர என்ன செய்யலாம்?

முதலில் கடைசிப் போட்டியின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிங்கில் (டைமர் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை சுடுவது) 18 ரவுண்டுக்கு மேல் கிடையாது, டிரா ஒரே ஒரு தடவை. நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது 0.7 விநாடி. முன்பெல்லாம் இழந்த ஒரு புள்ளிக்கு அரை விநாடி கூட்டுவார்கள். 2017 விதிகளிலிருந்து முழு விநாடி. ஒரே ஒரு டவுன் ஒன் (ஒரு புள்ளி இழப்பு) விழுந்தால் அந்த 0.7 போய், கையிலிருந்தும் கொஞ்சம் போய்விடும். நான்-த்ரெட் (சுடக் கூடாத ஆள்) அட்டையில் ஒன்று பட்டால் 5 விநாடி. ஆறேழு ஸ்டேஜ் (போட்டிச் சுற்று) டிரா வேகத்தை ஒரே குண்டு சாப்பிட்டுவிடும்.

சரி, வேகமும் வேண்டும்தான். டிராவில் நேரம் போவது பெரும்பாலும் கை நீளும்போது அல்ல. பிடி சரியாக அமையாமல் நடுவழியில் திருத்திக்கொள்ளும்போது. துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுப்பகுதி பிடியின் உச்சியில் போய் ஒட்ட வேண்டும். அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்: மேலாடையை விலக்கு, பிடி, நிறுத்து. துப்பாக்கியை வெளியே எடுக்கவே வேண்டாம். இருபது தடவை அப்படிச் செய்த பிறகு முழு டிராவுக்கு வாருங்கள். டைமரில் பார் நேரத்தை (முடிக்க வேண்டிய கெடுவை) 2.2 விநாடி என்று வைத்துத் தொடங்குங்கள். பத்துக்கு எட்டு சுத்தமாக வந்தால் 0.1 குறையுங்கள், வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள். முனை இலக்கை நோக்கித் திரும்பி, சுடுவதென்று நீங்கள் முடிவெடுக்கும்வரை விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லப்போகிறேன்.

டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்தால் துப்பாக்கி கெட்டுப்போகுமா?

இன்றைய சென்டர்ஃபயர் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாயிண்ட் 22 ரிம்ஃபயர் (தோட்டாவின் நடுவில் அல்லாமல் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) என்றால் பலவற்றில் ஃபயரிங் பின் சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) விளிம்பில் போய் இடிக்கும், ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போடுங்கள். கையேட்டைப் படியுங்கள். நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன்: தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், இரண்டு தடவை சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும், குறி வைக்கும் திசை குண்டைத் தாங்கக்கூடிய சுவராக இருக்க வேண்டும். டிரை ஃபயர் முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள். ‘கடைசியாக இன்னும் ஒன்றே ஒன்று’ என்று, மறுபடி லோடு செய்த துப்பாக்கியை எடுத்துச் சுவரைச் சுட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் குண்டுகள் எல்லாம் தாழ்ந்து ஒரு பக்கமாக விழுகின்றன. ஏன்?

எந்தப் பக்கம்? வலக்கைக்காரரா, இடக்கைக்காரரா? எத்தனை கெஜம்? ஒன்றுமே எழுதாமல் ஏன் என்று கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? வலக்கைக்காரருக்குத் தாழ்ந்து இடப்பக்கம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். வெடிக்கும் சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, டிரிகர் முறியும் அந்தக் கணத்தில் முழுக் கையும் சேர்ந்து இறுகுகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: நண்பரை மேகசினில் நிஜத் தோட்டாக்களோடு இரண்டு மூன்று டம்மித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது ‘டிக்’ என்ற சத்தத்தோடு முன்குறி எவ்வளவு கீழே குனிகிறது என்று பாருங்கள். அது அசையாமல் நிற்கும்வரை சைட்டைத் திருகாதீர்கள்.

ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) மாட்டியபின் டிராவில் புள்ளியே கண்ணில் படுவதில்லை. பழைய சைட்டுக்கே போய்விடலாமா?

போக வேண்டாம். நீங்கள் புள்ளியைத் தேடுகிறீர்கள், அதுதான் சிக்கல். கண் இலக்கின் மேலேயே நிற்கட்டும், கண்ணாடியை அந்தப் பார்வைக்குக் குறுக்கே கொண்டுவாருங்கள். புள்ளி வராவிட்டால் அநேகமாக முனை மேல்நோக்கி இருக்கும். முனையைச் சற்றுத் தாழ்த்துங்கள், வந்துவிடும். தினம் பத்து நிமிட டிரை ஃபயர், ஒரு மாதம். அப்புறம் எழுதுங்கள்.

சுட்டபின் துப்பாக்கியை உறைக்குள் வைப்பதில் நான்தான் எல்லோரையும் விட மெதுவு. பார்க்காமலே சட்டென்று வைக்கப் பயிற்சி இருக்கிறதா?

இருக்கிறது. நான் சொல்லித் தர மாட்டேன்.

டைமர் எப்போது நிற்கிறது? உங்கள் கடைசிக் குண்டின் சத்தத்தில். அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் எதற்கும் நேரக் கணக்கு இல்லை. அன்லோடு செய்து காட்டச் சொல்வார்கள், ஸ்லைடை முன்னால் விடச் சொல்வார்கள், டிரிகரை இழுக்கச் சொல்வார்கள், அப்புறம்தான் ‘ஹோல்ஸ்டர்’. அதற்கு நீங்கள் அரை நிமிடம் எடுத்துக்கொண்டாலும் ஸ்கோர் ஷீட்டில் ஒரு எழுத்து மாறாது. பலனே இல்லாத ஒரு வேகத்துக்காகத் தொடையைப் பணயம் வைக்கிறீர்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். போட்டியின் முடிவில் உறைக்குப் போவது காலித் துப்பாக்கி. ‘லோடு அண்ட் மேக் ரெடி’ என்றதும் வைக்கிறீர்களே, அது நிரப்பிய துப்பாக்கி. ஸ்டேஜுக்கு ஒரு முறை, அவ்வளவுதான். ஆனால் பயிற்சி நாளில்? ஐம்பது டிரா பழகினால், ஏறக்குறைய ஐம்பது முறையும் நிரப்பிய துப்பாக்கியே உறைக்குத் திரும்புகிறது. பக்கத்தில் சேஃப்டி ஆபீசரும் இருக்க மாட்டார், களைப்பு வேறு.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் ஏன் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி மாலையில் என் பக்கத்து லேனில் ஒருவர் டிரா பழகிக்கொண்டிருந்தார். வேறொரு இடத்தில் வகுப்பு எடுத்துவிட்டு வந்தவர். இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘டக்’கென்று உறைக்குள் தள்ளுவதுதான் தேர்ந்தவனின் அடையாளம் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போட்டிருந்த ஜாக்கெட்டின் அடி ஓரத்தில் இழுத்துக் கட்டும் கயிறு, அதன் நுனியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ். அது டிரிகர் கார்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, துப்பாக்கி பாதி உறைக்குள் போயிருந்தது. அவருக்கு ஏதோ தடங்கல் தெரிந்திருக்கிறது, இன்னும் பலமாகத் தள்ளத் தயாரானார். நான் கத்தியதில் நின்றார். குழல் அவருடைய வலது முழங்காலைப் பார்த்தபடி இருந்தது. மெல்ல வெளியே எடுத்து, அன்லோடு செய்து, கயிற்றைக் கத்தரியால் வெட்டிப் போட்டோம். அன்றைக்கு அவர் அதற்கு மேல் சுடவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் இன்றும் கோபம் தீரவில்லை.

நான் செய்வது இது. கடைசிக் குண்டுக்குப் பிறகு துப்பாக்கியை மார்பருகே இழுத்துக்கொள்வேன், முனை இலக்கின் பக்கமே இருக்கும். விரல் ஸ்லைடின் பக்கவாட்டில் நேராக. சேஃப்டி இருந்தால் போடுவேன், டீகாக்கர் (சுடாமலே ஹாமரை இறக்கும் விசை) இருந்தால் ஹாமரை இறக்குவேன். இடக்கையால் மேலாடையை ஒதுக்கி மார்போடு அழுத்திக்கொள்வேன். பிறகு தலையைக் குனிந்து உறையின் வாயைக் கண்ணால் பார்ப்பேன். ஹாமர் உள்ள துப்பாக்கியில் கட்டைவிரல் ஹாமரின் மேலிருக்கும். டிரிகரை எதுவாவது தள்ளினால் ஹாமர் அசைவது விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்ட்ரைக்கர் வகை (வெளியே ஹாமர் இல்லாதது) என்றால் ஸ்லைடின் பின்பக்கத்தில் கட்டைவிரல். மெதுவாக உள்ளே. கொஞ்சம் தட்டினாலும் நிறுத்து, வெளியே எடு, பார்.

உறையின் வாய் துப்பாக்கி இல்லாதபோதும் திறந்தே நிற்க வேண்டும். தொய்ந்த தோல் உறையின் உதடு உள்ளே மடங்கினால் அதுவே டிரிகரை அழுத்தும். மடங்கிய வாயை இடக்கை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு வைப்பவர்களும் உண்டு. உங்கள் கைக்கு எதிரே உங்கள் முனை வந்தால் போட்டியிலிருந்து வெளியே அனுப்புவார்கள், அதுதான் சரி. கயிறு, குமிழ், தொங்கும் பட்டை உள்ள எந்த மேலாடையையும் ரேஞ்சுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரு ரவுண்டில் சத்தம் குறைவாக வந்தது. ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுடலாம்தானே?

கூடாது! குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் வெடிக்கும். முனை இலக்குப் பக்கம், விரல் வெளியே, நிறுத்து, சேஃப்டி ஆபீசரைக் கூப்பிடு. போட்டி நேரம் போனால் போகட்டும்.

டாக்டிகல் ரீலோடு, எமர்ஜென்சி ரீலோடு: எதை அதிகம் பழக வேண்டும்?

எமர்ஜென்சி. ஸ்லைடு பின்னால் நின்ற பிறகு மாற்றுவது அது, போட்டியில் உங்களுக்கு நேரப்போவதும் பெரும்பாலும் அதுதான். பாதி மேகசினை மாற்றும் மற்ற இரண்டு வகையிலும் (டாக்டிகல் ரீலோடு, ரீலோடு வித் ரிடென்ஷன்) பழைய மேகசினைப் பையிலோ பவுச்சிலோ பத்திரப்படுத்திய பிறகுதான் அடுத்த குண்டு சுட வேண்டும். அந்தத் தடுமாற்றத்தில் ஒன்றிரண்டு விநாடி போகும். அதனால் ஸ்டேஜ் விளக்கம் கேட்கும்போதே ரவுண்டுகளை எண்ணி, காலியாகும் இடம் மறைப்புக்குப் பின்னால் வருமாறு திட்டமிடுங்கள். ரீலோடு செய்யும்போது விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே.

மறைப்புக்குப் பின்னாலிருந்து சுடுவதை வீட்டில் எப்படிப் பழகுவது?

கதவு நிலை போதும், காலித் துப்பாக்கியோடு. தோட்டா வேறு அறையில், மறக்க வேண்டாம். தரையில் ஒட்டும் நாடாவால் ஃபால்ட் லைன் (பாதம் தாண்டக் கூடாத கோடு) போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் மூன்று காகிதங்களைத் தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். நிலையை ஒட்டி நிற்காமல் ஒரு கை நீளமாவது பின்வாங்கி நின்று, ஒவ்வொரு காகிதமாகக் கண்ணில் படப்பட, அந்த வரிசையிலேயே குறி வையுங்கள். இரண்டாவது காகிதம் தெரிய நீங்கள் எவ்வளவு சாய்கிறீர்கள் என்று கவனியுங்கள்; பலர் தலையை மட்டும் நீட்டுவார்கள், துப்பாக்கி நிலைக்குப் பின்னாலேயே இருக்கும். டிரிகரை இழுத்தால் கதவு நிலையைத்தான் சுட்டிருப்பார்கள். இடுப்பிலிருந்து சாயுங்கள், பாதம் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போட்டியில் 3 விநாடி.

ஐடிபிஏவா, ஐபிஎஸ்சியா? எதில் தொடங்கலாம்?

பக்கத்தில் எது நடக்கிறதோ அதில். ஐபிஎஸ்சி (இன்னொரு பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு) 1976இல் வந்தது, புள்ளிகளை நேரத்தால் வகுக்கும் கணக்கு. ஐடிபிஏ 1996இல் வந்தது, நேரத்தோடு தவறுகளைக் கூட்டும் கணக்கு; மேலாடையும் மறைப்பும் அதற்கே உரியவை. இரண்டுமே விளையாட்டுதான். போட்டியில் ஜெயித்தவர் தெருச் சண்டைக்கும் தயார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாதம் 200 ரவுண்டுதான் என்னால் முடியும். எப்படிப் பிரிப்பது?

தாராளமாகப் போதும். மாதம் இரண்டு நாள், நாளுக்கு 100. முதலில் 5 பை 5 கிளாசிஃபையர் (சுடுபவரின் தரத்தை நிர்ணயிக்கும் தேர்வு): 25 ரவுண்டு, 10 கெஜம், அதாவது சுமார் 9 மீட்டர். அதில் டிரா, வலிமையான கை மட்டும், எமர்ஜென்சி ரீலோடு, தலைக்கு ஒன்று என்று எல்லாம் வந்துவிடுகிறது. எந்த ஸ்ட்ரிங்கில் அதிகம் இழந்தீர்களோ அதற்கு 40 ரவுண்டு. 20 ரவுண்டு ஒற்றைக் கையில், இரண்டு கைகளுக்கும். மீதி 15ஐ 20 கெஜத்தில், டைமர் இல்லாமல், நிதானமாகக் கூட்டமாக விழ வையுங்கள். முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், ஈயம் கையில்தான் இருக்கும். அடுத்த கடிதத்தில் உங்கள் டிவிஷனையும் (துப்பாக்கி வகைப்படியான போட்டிப் பிரிவு) கிளாசிஃபையரின் நான்கு ஸ்ட்ரிங்குகளின் நேரத்தையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.