உள் முகவரியா, வெளி முகவரியா? சில கேள்விகள், பதில்கள்

நெட்வொர்க் டிராஃபிக்கை ஆராய உட்காரும்போது எது நம் முகவரி, எது வெளியாருடையது என்று பிரிப்பதில்தான் பலருக்கும் முதல் சிக்கல். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஐபி 10, 172, 192 என்று தொடங்கினால் உள், மற்றதெல்லாம் வெளி என்று ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். போதுமா?

போதாது தம்பி. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய ஆவணம் தனி உபயோகத்துக்கு ஒதுக்கியது மூன்று தொகுப்புகளைத்தான்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. (சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண், முகவரியின் தொடக்கத்தில் எத்தனை பிட் மாறாது என்பதைச் சொல்கிறது. அந்த மாறாத பகுதிதான் முன்னொட்டு.) எல்லோரும் வழுக்கி விழுவது நடுவில் இருப்பதில். அது 172.16-இல் தொடங்கி 172.31-உடன் முடிந்துவிடும்.

நானும் விழுந்திருக்கிறேன். 172.20 முதல் 172.29 வரை பிடிப்பதற்காக, '172.2 என்று தொடங்கினால் உள்' என்று ஒரு வரி எழுதினேன். 172.217-உம் அதில் வந்து மாட்டிக்கொண்டது. அது கூகுளின் முகவரி. ஆபீசில் இருக்கிற எல்லா மெஷினும் ஏதோ ஒரு 'உள் சர்வரோடு' ஏன் ஓயாமல் பேசுகின்றன என்று இரண்டு நாள் தேடினேன். முகவரியை எழுத்துகளாக ஒப்பிடவே கூடாது. பைத்தானில் இதற்கென்றே ஐபிஅட்ரஸ் மாட்யூல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

அந்த மாட்யூலில் 100.64.0.5 போட்டுப் பார்த்தேன். பிரைவேட்டா என்றால் இல்லை என்கிறது, குளோபலா என்றாலும் இல்லை என்கிறது. பக்-ஆ?

பக் இல்லை. 100.64.0.0/10 இரண்டிலும் சேராதது. இணைய சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வான் பக்கத்தில், அதாவது இணையத்தைப் பார்த்த பக்கத்தில், இது தெரிந்தால் அது சேவை நிறுவனத்தின் வலை, அதாவது வெளி. ஆனால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனி வலை) மென்பொருளும் இதே தொகுப்பிலிருந்துதான் முகவரி கொடுக்கிறது. நீங்கள் அதை ஓட்டினால் அதே 100.64 உங்களுக்கு உள். மாட்யூலால் இதைச் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாகப் பொது ஐபி தொகுப்பு இருக்கிறது. வெப் சர்வர் அதில்தான். அது உள்ளா வெளியா?

உள். சந்தேகமே வேண்டாம். 'பிரைவேட்' என்பது முகவரியின் குணம். 'உள்' என்பது அந்த மெஷின் யாருடையது என்ற கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஸீக் என்ற டிராஃபிக் கண்காணிப்பு மென்பொருளை ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் நெட்வொர்க்ஸ் கோப்பில் அந்தத் தொகுப்பையும் சேருங்கள். சேர்த்தோமா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. கனெக்‌ஷன் லாகில் ஒவ்வொரு இணைப்புக்கும், தொடங்கியவர் உள்ளூரா, பதில் தருபவர் உள்ளூரா என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டிலும் 'இல்லை' என்று வரிகள் குவிந்தால் வெளியாரும் வெளியாரும் உங்கள் ஒயரில் பேசுகிறார்கள் என்று அர்த்தம். அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

தாக்குதலைக் கண்டுபிடிக்கும் சூரிகாட்டா மென்பொருளில் எக்ஸ்டர்னல் நெட்டை (வெளி முகவரிப் பட்டியல்) 'ஹோம் நெட் (நம் முகவரிப் பட்டியல்) அல்லாதது' என்று விடுவதா, 'எனி' (எதுவானாலும்) என்று மாற்றுவதா?

டிராஃபிக்கைப் பார்க்கும் சென்சார் எங்கே இருக்கிறது? வாசலில் என்றால் வந்தபடியே விடுங்கள். உள்ளே ஸ்விட்சுகளுக்கு நடுவில் என்றால் நான் 'எனி' போடுவேன். பல விதிகள் வெளியிலிருந்து உள்ளே வருவதை மட்டும்தான் பார்க்கும். வைரஸ் பிடித்த ஒரு மெஷின் பக்கத்து ஃபைல் சர்வரைத் தாக்கினால் இரண்டு பக்கமும் ஹோம் நெட். அந்த விதி வாயே திறக்காது. 'எனி' போட்டால் தேவையில்லாத அலர்ட்டும் வேலைப்பளுவும் கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாகில் எல்லா டிராஃபிக்கும் ஒரே ஐபியிலிருந்து போவதாகத் தெரிகிறது.

சென்சாரை, நாட் (உள் முகவரிகளை ஒரே பொது முகவரியாக மாற்றுவது) நடக்கிற ரவுட்டருக்கு வெளியே மாட்டியிருக்கிறீர்கள். உள் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் எப்படி?

இங்கே நாட் என்ற மறைப்பு பொதுவாக இல்லை. சாதாரண போனுக்கே பொது முகவரி கிடைக்கும். எனவே சேவை நிறுவனம் உங்களுக்குத் தந்த முன்னொட்டைப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் அது அவ்வப்போது மாறலாம். எஃப்இ80 என்று தொடங்குவது அந்த ஒரு லிங்கோடு சரி, தாண்டிப் போகாது.

சார், பார்ட்னர் கம்பெனி விபிஎன் வழியாக 10.40.0.0/16-இலிருந்து வருகிறார்கள். எங்கள் 10.0.0.0/8 உள் என்று போட்டிருப்பதால் அவர்களும் உள் ஆகிவிடுகிறார்கள்.

நல்ல கேள்வி. வீட்டுக்குள் வந்து போகிறவர், ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இல்லை. உள், வெளி என்ற இரண்டு பெட்டி போதாது. 'பார்ட்னர்' என்று மூன்றாவது வையுங்கள். ஒரே நேரத்தில் பல மெஷின்களுக்குப் போகும் மல்டிகாஸ்ட், பிராட்காஸ்ட் போன்றவற்றுக்கு நாலாவது. அப்புறம், பட்டியலில் தேடும்போது ரவுட்டர் செய்வது போல நீளமான முன்னொட்டே ஜெயிக்கட்டும். 10.40.0.5 வந்தால் /8-உம் பொருந்தும், /16-உம் பொருந்தும். /16-இல் எழுதியிருக்கும் 'பார்ட்னர்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.