டுசல்டோர்ஃபில் வேலை, ரூர் பகுதியில் வீடு: ஆர்ஆர்எக்ஸை நம்பி இறங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: டுசல்டோர்ஃபில் வேலை உறுதியாகிவிட்டது, அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. எஸன், போஹும், டோர்ட்முண்ட், ஹாம் என்று நாலு ஊரில் வீடு பார்க்கிறீர்கள். இந்தப் பக்கத்து ஊர்களை இணைக்கும் ஜெர்மன் வட்டார ரயில் திட்டத்தின் பெயர் ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ், சுருக்கமாக ஆர்ஆர்எக்ஸ். "ஆர்ஆர்எக்ஸ் வரப்போகிறது, 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி" என்று வீடு காட்டுபவர் சொல்கிறார். இதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

பாதிதான் உண்மை. வண்டிகள் வந்துவிட்டன, தண்டவாளம் இன்னும் வரவில்லை. அந்த 15 நிமிடக் கணக்கு தண்டவாள வேலை முழுவதும் முடிந்த பிறகு வரும் அட்டவணை. அது 2030-களுக்கு முன் இல்லை. ஆகவே வீட்டை இன்றைய அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வண்டி நின்றுபோகும் நாளில் உங்கள் ஊரிலிருந்து வேறு எந்தப் பாதையில் போகலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தத் திட்டம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் ஏன் இப்படி இழுக்கிறது என்பது விளங்கும். ஜெர்மனியில் வட்டார ரயில் சேவைக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு 1996-இல் மாநிலங்கள் கைக்கு வந்தது. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலம் 1998-இல், ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் வண்டி வருகிற மாதிரி மாநிலம் முழுவதுக்கும் ஒரே அட்டவணை போட்டது. ஆர்இ 1, ஆர்இ 6 போன்ற ரீகியோனால் எக்ஸ்பிரஸ் (வட்டார விரைவு ரயில்) தடப் பெயர்கள் மக்கள் வாயில் நிலைத்தது அந்தக் காலத்தில்தான். கூட்டம் பெருகியதும் டோர்ட்முண்டுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் நடுவே காந்த விசையில் மிதந்து ஓடும் மெட்ரோரேபிட் விடுவதாகத் திட்டம் போட்டார்கள். செலவுக் கணக்கு ஒத்துவராமல் 2003-இல் அதைக் கைவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான் ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ். சாதாரணத் தண்டவாளம்தான், ஆனால் கூடுதல் பாதை, பெரிய வண்டி, நெருக்கமான அட்டவணை.

வண்டி வாங்கிய விதம் கவனிக்க வேண்டியது. 2015-இல் சீமன்ஸிடம் 82 டெசிரோ எச்சி வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வண்டிகள் ஓட்டும் கம்பெனியுடையவை அல்ல, பொதுப் போக்குவரத்து அமைப்புகளுடையவை. 32 வருடம் பராமரிப்பது செய்து கொடுத்த சீமன்ஸின் பொறுப்பு. அதற்கென்றே டோர்ட்முண்ட்-ஏவிங்கில் பணிமனை கட்டியிருக்கிறார்கள். ஓட்டும் கம்பெனி ஓட்டுநரையும் நடத்துநரையும் கொண்டுவந்தால் போதும். இந்த ஏற்பாட்டின் அருமை 2022-இல் தெரிந்தது. ஆர்இ 1, ஆர்இ 11 இரண்டையும் ஓட்டிய அபெலியோ நிதி நெருக்கடியில் விழுந்து, ஒப்பந்தம் ஜனவரி கடைசியோடு முடிந்தது. பிப்ரவரி 1 முதல் நேஷனல் எக்ஸ்பிரஸ் அதே வண்டிகளை எடுத்து ஓட்டியது. வண்டி கம்பெனியின் சொத்தாக இருந்திருந்தால் மாற்று வண்டிக்கு அலைந்திருப்பார்கள்.

புது வண்டிகள் 2018 டிசம்பரில் ஆர்இ 11-இல் ஓடத் தொடங்கின. 2019-இல் ஆர்இ 5, ஆர்இ 6. 2020-இல் ஆர்இ 1, ஆர்இ 4. இவ்வளவையும் அதிகாரபூர்வமாக "முன்னோட்ட இயக்கம்" என்றுதான் சொல்கிறார்கள். அதாவது வண்டி புதுசு, அட்டவணையும் பாதையும் பழசு.

பாதையில் என்ன சிக்கல்? கோல்ன், டுசல்டோர்ஃப், டூயிஸ்பர்க், எஸன், போஹும், டோர்ட்முண்ட் என்று வரிசையாக நிற்கும் ஊர்களுக்கு நடுவே ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர வண்டிகள், ஆர்இ எல்லாம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில் போகின்றன. நின்று நின்று போகும் வண்டியும் வேகமாகப் போகும் வண்டியும் ஒரே பாதையில் ஓடினால், முன்னது ஐந்து நிமிடம் பிந்தியதும் பின்னதும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் டுசல்டோர்ஃபுக்கும் டூயிஸ்பர்குக்கும் நடுவே ஆறு தண்டவாளம், லெவர்குசன் பக்கம் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலுக்குத் தனித் தண்டவாளம் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக ஆட்சேபம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். டுசல்டோர்ஃப்-ஆங்கர்முண்ட் வாசிகள், ஊருக்கு நடுவே உயரமான ஒலித்தடுப்புச் சுவர் வேண்டாம், பாதைக்கு மேல்கூரை போட்டு மூடித் தாருங்கள் என்று வருடக்கணக்கில் போராடினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நடுவில் ஒரு துண்டு நின்றால் இரண்டு பக்கமும் கட்டியதன் பலன் கைக்கு வராது.

இன்னொரு காரணம் தடத்தின் நீளம். ஆர்இ 11 காஸலிலிருந்து வருகிறது, ஆர்இ 6 மின்டனிலிருந்து, ஆர்இ 1-இன் மறுமுனை ஆகன். எஸனில் நிற்கிற உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பாடர்போர்ன் பக்கத்துச் சிக்னல் கோளாறு உங்கள் வண்டியில் ஏறி வந்துவிடும். ஓட்டுநர் பற்றாக்குறை, சிக்னல் அறையில் ஆள் இல்லாமை, மேல்கம்பி அறுந்தது, தண்டவாளத்தில் ஆள் நடமாட்டம் எல்லாம் இதற்கு மேல். "நோட்ஆர்ட்ஸ்ட்-ஐன்ஸாட்ஸ்" என்று அறிவிப்பு வந்தால், அதாவது தண்டவாளத்தில் அவசர மருத்துவர் வேலை நடந்தால், அந்தப் பக்கம் மணிக்கணக்கில் அசையாது. காத்திருக்காமல் அப்போதே வேறு வழி தேடுங்கள்.

சரி, எந்த ஊர்? டுசல்டோர்ஃபிலிருந்து டோர்ட்முண்ட் வரை ஆர்இ 1, 6, 11 மூன்றும் மணிக்கு ஒன்று வீதம் ஓடுகின்றன. மூன்று வண்டி என்றதும் 20 நிமிடத்துக்கு ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஸ்டேஷனில் இடைவெளி எப்படி விழுகிறது என்று அட்டவணையில் பாருங்கள். எஸனுக்குச் சுமார் அரை மணி, டோர்ட்முண்டுக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, ஹாமுக்கு அதற்கு மேல் 20 நிமிடம் போல.

என் கணிப்பில் எஸன்தான் முதலிடம். தூரம் குறைவு என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்6 என்ற எஸ்-பான் கெட்விக், ராட்டிங்கன் வழியாக டுசல்டோர்ஃப் போகிறது. டூயிஸ்பர்க் பக்கம் தொடுவதே இல்லை. டூயிஸ்பர்க் பாதை மொத்தமாக அடைத்துக் கிடக்கும் நாளில் எஸன்காரர் எஸ்6-இல் ஏறி வேலைக்குப் போய்விடுவார். மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும். வீடு எஸனின் தெற்கே, எஸ்6 நிற்கிற ஸ்டேஷன் பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அங்கே வாடகை ஏறும்.

டோர்ட்முண்டுக்கும் இரண்டாவது வழி உண்டு. ஆர்இ 4 ஹாகன், வுப்பர்டால் வழியாகச் சுற்றி டுசல்டோர்ஃப் சேரும். நேரம் கூடுதல், ஆனால் பாதை வேறு. ஆர்இ 3-உம் டோர்ட்முண்டிலிருந்து கெல்சன்கிர்ஷன் வழியாகப் போகிறது. அது டூயிஸ்பர்கில் வந்து அதே பாதையில் சேர்ந்துவிடுவதால் பாதி உதவிதான். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. போர்டில் டுசல்டோர்ஃப் என்று போட்டிருப்பதைப் பார்த்து முதலில் வந்ததில் ஏறினால், அது ஆர்இ 3-ஆகவோ ஆர்இ 4-ஆகவோ இருந்து, பின்னால் புறப்பட்ட ஆர்இ 1 உங்களுக்கு முன்னே போய்ச் சேரும். ஊர்ப் பெயரோடு எண்ணையும் பாருங்கள்.

போஹும் இந்த விஷயத்தில் கொஞ்சம் பலவீனம். ஆர்இ வண்டிகளும் எஸ்1-உம் ஒரே வழித்தடத்தில்தான் போகின்றன. அது அடைத்தால் யு35 என்ற நகர ரயிலில் ஹெர்னே போய் ஆர்இ 3 பிடிக்க வேண்டும். வீட்டில் இருந்தே வேலை செய்யும் நாட்கள் அதிகம் என்றால் பரவாயில்லை. ஹாம் வாடகைக்கு நல்ல ஊர்தான். ஆனால் தினமும் போய்வர நான் சொல்லமாட்டேன். வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்றால் யோசிக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். ஸூக்இன்ஃபோ என்ஆர்டபிள்யூ தளத்தில் உங்கள் தட எண்ணைப் போட்டு, வரும் மாதங்களில் என்னென்ன கட்டுமான அடைப்பு இருக்கிறது என்று படியுங்கள். பெரிய அடைப்புகளை ஈஸ்டர், கோடை, இலையுதிர்காலப் பள்ளி விடுமுறைகளில்தான் அதிகம் வைப்பார்கள். அப்போது ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். போர்டில் எஸ்இவி என்று இருக்கும். அந்த பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். சில ஊர்களில் பின்வாசல் பக்கமோ அடுத்த தெருவிலோ நிற்கும், எங்கே என்று முந்தின நாளே பார்த்துவையுங்கள். முழு அட்டவணையும் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் நடுவில் மாறும். ஜனவரியில் பழைய நிமிடத்துக்குப் போய் நின்றால் வண்டி போயிருக்கும்.

இனி வண்டிக்குள். ஒரு டெசிரோ எச்சி சுமார் 105 மீட்டர் நீளம், நாலு பெட்டி, 400 இருக்கை. இரண்டு முனைப் பெட்டியும் ஒற்றை அடுக்கு, நடுப் பெட்டிகள் இரண்டும் மாடி. பெரும்பாலும் இரண்டு வண்டியைக் கோத்து 800 இருக்கையாக ஓட்டுவார்கள். கோத்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குள் நடக்க முடியாது. முன் வண்டி நிரம்பி வழிந்து பின் வண்டி காலியாக இருந்தாலும், உள்ளே ஏறிவிட்டால் அதோடு சரி. ஆகவே பிளாட்பாரத்தில் படிக்கட்டுக்கு எதிரே கூட்டத்தோடு நிற்காமல் கடைசிவரை நடந்து போங்கள். ஆனால் போர்டில் வண்டி சுருக்கம் என்று வந்தால் ஒற்றை வண்டிதான் வரும். ஏ, பி, சி என்று தொங்கும் எழுத்துகளில் எது வரை நிற்கும் என்று பார்த்து நில்லுங்கள், இல்லாவிட்டால் ஓட வேண்டியிருக்கும். குழந்தை வண்டி, பெரிய பெட்டி இருந்தால் முனைப் பெட்டிகளில் ஏறுங்கள். வண்டியின் தரை 76 சென்டிமீட்டர் உயர பிளாட்பாரத்துக்குச் சரியாக அமைத்தது. எஸ்-பான் பிளாட்பாரம் 96 சென்டிமீட்டர். கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாறி வேறு உயரத்தில் நின்றால் காலடியைப் பார்த்து வையுங்கள்.

டிக்கெட் விஷயம் எளிது: டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுவதும் வட்டார வண்டிகளுக்குச் செல்லும் மாத டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58, 2026 ஜனவரி முதல் 63. சந்தா முறைதான், ஒரு மாதக் கடைசியில் நிறுத்த வேண்டும் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். முதலில் உங்கள் அலுவலகத்தில் ஜாப் டிக்கெட் உண்டா என்று கேளுங்கள். முதலாளி குறைந்தது 25 சதவீதம் போட்டால் மேற்கொண்டு 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் ஐசிஇ-யில் ஏறாதீர்கள். ஆர்இ தாமதம், ஐசிஇ காலியாக நிற்கிறது என்ற நேரத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். டிக்கெட் இல்லாத பயணத்துக்கு 60 யூரோ முதல் அபராதம். செயலியில் வழி தேடும்போது வட்டார வண்டிகள் மட்டும் என்று தேர்வு செய்துவிட்டால் ஐசிஇ கண்ணிலேயே படாது.

தாமதத்துக்குப் பணம் கேட்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சேரும் இடத்துக்கு 60 நிமிடம் அல்லது அதற்கு மேல் பிந்தினால் ஒவ்வொரு முறைக்கும் 1.50 யூரோ. 4 யூரோவுக்குக் கீழே தரமாட்டார்கள், ஆகவே மூன்று முறை சேர்ந்த பிறகு ஒன்றாக அனுப்ப வேண்டும்; மூன்று மாதக் கெடு இருக்கிறது, தேதியும் வண்டி எண்ணும் அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பயனுள்ளது மாநிலத்தின் மொபிலிட்டேட்ஸ் கரன்டி: நீங்கள் ஏறும் இடத்தில் வண்டி 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால், உங்கள் காசில் டாக்சி எடுத்துவிட்டு ரசீதோடு திரும்பக் கேட்கலாம். தொகைக்கு உச்சவரம்பு உண்டு. வேலைநிறுத்தம், புயல் நாட்களுக்குப் பொருந்தாது. உங்கள் டிக்கெட்டுக்கு என்ன நிபந்தனை என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் முதல் ஆறு மாதம் பொதுவாகத் தகுதிகாண் காலம். 9 மணிக்குக் கூட்டம் என்றால் 8.50-க்குச் சேரும் வண்டியை எடுக்காதீர்கள், அதற்கு முந்தினதை எடுங்கள். தாமதமாகும்போது "வண்டி லேட்" என்று பொதுவாகச் சொல்லாமல் தட எண்ணையும் எதிர்பார்க்கும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் ஆர்இ 1 என்றால் தெரியும்.

கோயிலுக்கு எப்படிப் போவது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஹாம்-உயன்ட்ராப் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு இதே ஆர்இ 1, 6, 11 எல்லாம் ஹாம் வரை போகும், அங்கிருந்து பஸ். கோடையின் தொடக்கத்தில் வரும் தேர்த் திருவிழா ஞாயிறன்று ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அந்த வார இறுதியில் பாதையில் அடைப்பு இருக்கிறதா, ஹாமிலிருந்து கடைசி பஸ் எப்போது என்று சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள்; ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு.